புள்ளியில்லாக் கோலம்: இல்லத்திலேயே கைவாக்கில் இட்டுப் பழகும் முறை

கோலம் என்னும் சொல்லுக்கு அழகு, ஒப்பனை, வடிவம் எனப் பல பொருள்கள் உண்டு. எம்பெருமானின் திருக்கோலம் என்கிறோம், மணக்கோலம் என்கிறோம், வாசலில் மாவினால் இழைப்பதையும் அதே சொல்லால் வழங்குகிறோம். தெலுங்கு நாட்டார் இதனை முக்கு என்பர். கன்னடத்தார் ரங்கவல்லி என்பர். மராட்டியர் ராங்கோளி என்றும் வங்கத்தார் அல்பனா என்றும் அழைப்பர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே. தரையைத் தூய்மை செய்து, வரப்போகிறவருக்காக அதனை அணி செய்வது.

திருவிழாக் காலத்தில் வரப்போகிறவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. பெருமாள் புறப்பாடு திருவீதியில் எழுந்தருளும்போது, ஒவ்வோர் இல்லத்தின் முன்னும் நீர் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருத்தல் நம் முன்னோர் வழக்கம். அந்த வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆனால் அதனைச் செய்யும் கைகள் குறைந்துவிட்டன. வாசலில் ஒட்டும் தாளைக் கடையில் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். துளையிட்ட தட்டின்மேல் பொடியைத் தூவி எடுத்துவிடுகிறார்கள். உருளும் குழலைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு வரிக் கொடியை முடித்துவிடுகிறார்கள். இவற்றைக் குற்றம் கூறுவது நம் நோக்கமன்று. முழங்கால் நோவு உடையவர்களுக்கு இவை உதவியே. எனினும் இளம் பெண்கள் பலர், "எனக்குப் புள்ளிக் கணக்கு வராது, ஆதலால் கோலமே வராது" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்களே, அதுதான் வருந்தத்தக்கது. புள்ளிக் கணக்கு வராதவர்களுக்கும் கோலம் வரும். அந்த வழியைக் காட்டவே இக்கட்டுரை.

திண்டுக்கல் நகரின் பேகம்பூர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியுள்ள பெரிய பள்ளிவாசலை ஒட்டி வளர்ந்த பகுதி அது. பெயரும் அவரால் வந்ததே. பழைய தெருக்களில் வீட்டு முகப்புகள் குறுகியவை. வாசற்படிக்கும் சாக்கடைக் கல்லுக்கும் இடையே மூன்றடி, நான்கடிதான் கிடைக்கும். அதிலே பதினைந்து புள்ளி வைத்துச் சதுரமாகக் கோலமிட இடமேது? நீளவாக்கில் கொடிபோல் ஓடும் கைக்கோலம் ஒன்றே அங்கே பொருந்தும். இடத்தின் அளவுக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கியும் நீட்டியும் கொள்வது புள்ளியில்லாக் கோலத்தின் முதற்சிறப்பு. அதே பகுதியில் பெருநாளுக்கு முந்திய இரவு உள்ளங்கைகளில் மருதாணிக் கொடி வரையும் பெண்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அவர்கள் புள்ளி வைப்பதில்லை. மணிக்கட்டிலிருந்து ஒரு தண்டை வளைத்து விரல் நுனிவரை ஓட்டுகிறார்கள். பிறகு இருபுறமும் இலை, இலைக்கு நடுவே மொட்டு. நம் வாசற்கொடியும் அப்படியே வளர்வது.

புள்ளிக் கோலத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும்; அதனைத் தாழ்த்திச் சொல்வதாக எவரும் எண்ணிவிடலாகாது. புள்ளிகளை நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என இரு வகையாக வைப்பர். நேர்ப்புள்ளியில் 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 5, 3, 1 எனக் குறைத்து வந்தால் மொத்தம் 25 புள்ளி. இடைப்புள்ளியில் 7 நடுவரிசையாக இருபுறமும் 6, 5, 4 என வைத்தால் மொத்தம் 37. புள்ளிகளைச் சேர்த்துக் கோடிடுவது ஒருவகை. புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச்சுற்றி வளைத்துச் செல்லும் சிக்குக்கோலம் அல்லது கம்பிக்கோலம் மற்றொரு வகை. பின்னதில் ஒரு வியப்பான கணக்கு ஒளிந்திருக்கிறது. செவ்வகமாக வைத்த நேர்ப்புள்ளிகளில், அண்டையண்டையான புள்ளிகள் இரண்டின் நடுவிலெல்லாம் இழை குறுக்கே வெட்டிச் செல்லுமாறு கம்பிக்கோலமிட்டால், எத்தனை இழைகளில் கோலம் முடியும் என்பதை இடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. 3 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி என்றால் ஒரே இழையில் முடியும். 4 வரிசை, 6 புள்ளி என்றால் இரண்டு இழை. 5க்கு 5 என்றால் ஐந்து தனித்தனி இழைகள். ஐயமுள்ளவர்கள் ஒரு தாளில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வெட்டுமிடத்தில் திரும்பாமல் நேரே செல்லவேண்டும். ஓரத்துப் புள்ளியை அடைந்தால் மட்டும் அதனைச் சுற்றித் திரும்பவேண்டும். விதி இவ்வளவே.

இக்கலையைப் படித்தவர்கள் கவனித்ததும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டு கோலங்களை இலக்கணமாக எழுதிக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். கணிப்பொறி மொழியியலுக்கு நம் வாசற்கோலம் பயன்பட்டது அவ்வாறே. மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பவுலுஸ் கெர்டெஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து இழைக்கும் ஓவியங்களோடு தமிழ்நாட்டுக் கோலத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பசிபிக் கடலிலுள்ள வனுவாட்டுத் தீவுகளில் விரலை எடுக்காமல் மணலில் வரையும் கலை 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடல் கடந்த நாடுகளிலும் தரையே ஏடாக இருந்திருக்கிறது.

ஆயினும் கணக்கின் துணை இல்லாமல், மனக்கண்ணில் தோன்றிய வடிவத்தைக் கைவழியே தரையில் இறக்கும் கலை தனி. புள்ளிக் கோலத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பேத்திக்குக் கொடுக்கலாம். கைக்கோலத்தை அவ்வாறு கொடுக்க இயலாது. பாட்டி இடும்போது பேத்தி பக்கத்தில் அமர்ந்து பார்த்தால்தான் உண்டு. ஒரு தலைமுறை பார்க்கத் தவறினால் அந்த வீட்டின் கொடியும், அந்த வீட்டின் தாமரையும் அவ்வளவோடு போயின. வீட்டுக்கு வீடு தாமரை இதழின் நுனி மாறும் என்பதை வயதான பெண்மணிகள் அறிவார்கள். இன்ன தெருவில் இன்னார் வீட்டுக் கோலம் என்று தொலைவிலிருந்தே சொல்லக்கூடிய காலம் இருந்தது. அச்சுத் தட்டில் விழும் கோலத்துக்கு அத்தகைய முகம் கிடையாது.

ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்தை அறிந்தோர், தை மாதம் முழுவதும் தரையைத் துலக்கி மண்டலமிட்டதையும், மாசியின் முற்பகுதியில் நுண்ணிய மணலால் தெருவை அணி செய்ததையும் அவள் சொல்லுவதை நினைவுகூர்வார்கள். காமதேவனை வேண்டி அவள் நோற்ற நோன்பின் பகுதி அது. அடுத்த பதிகத்தில், நாள் முழுதும் குனிந்திருந்து முதுகு வலிக்கக் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் வந்து அழித்துவிடாதிருக்கவேண்டும் என்று ஆய்ச்சிறுமியர் இறைஞ்சுகின்றனர். குனிந்து கோலமிட்ட முதுகுகளுக்கு அந்த வலி புரியும். அங்கே புள்ளியைப் பற்றிய பேச்சு இல்லை. அதைக் கொண்டு புள்ளியில்லாக் கோலமே தொன்மையானது என்று சாதிக்க முற்படவில்லை. மண்டலம் என்றால் வட்டம் என்னும் பொருளை மட்டும் நினைவூட்டுகிறோம். திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைச் சேவித்தவர்கள், அங்கே மண்டபத் தூண்களில் வைகுண்டநாதர், திரிவிக்கிரமர், நரசிம்மர் முதலிய பெருஞ்சிற்பங்களோடு ரதியும் மன்மதனும் நிற்பதைக் கண்டிருப்பார்கள். ஆண்டாள் மண்டலமிட்டு வேண்டியது அந்த மன்மதனையே என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ அறியோம். அத்தூண்களின் கொடிக்கருக்கை ஒருமுறை நின்று பாருங்கள். கல்லில் ஓடும் அந்தக் கொடியைத் தரையில் இறக்கினால் அதுவே கைக்கோலம். பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம்.

முதலில் பொடி. கடையில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக்கல்லை இடித்துச் சலித்தது. அது விரலிடையே தடையின்றி வழியும்; வெயிலில் பளிச்சென்று தெரியும். ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் அதனால் பயனில்லை. அரிசிமாவு அவற்றுக்கு உணவாகும். எனினும் மிக நைசாக அரைத்த மாவு விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக விழும். பச்சரிசியைச் சிறு ரவைப் பதத்தில் உடைத்து, வெயிலில் உலர்த்திச் சலித்து எடுத்தால் நன்கு இழுபடும். திருவீதியில் இடும் பெரிய கோலத்துக்குக் கல்பொடியும், வாசற்படிக்கும் பூஜை அறைக்கும் அரிசிமாவும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. இரண்டையும் கலப்போரும் உண்டு, அதில் தவறில்லை. கல்பொடியை முகத்துக்கு அருகே உதறுவதும் காற்றில் தூவுவதும் கூடாது. நுண்தூள் மூச்சில் செல்லும். வண்ணப்பொடி தொட்ட கையை நன்கு கழுவிய பின்பே பிரசாதத்தை வாங்கிக்கொள்ளவேண்டும்.

அடுத்துத் தரை. சாணம் தெளித்த மண்வாசலில் பொடி தானே பிடித்துக்கொள்ளும். இன்று பெரும்பாலும் சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையுமே. நீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் பாதி உலர்ந்து தரை மங்கலாகத் தெரியும் வேளையில் தொடங்கவேண்டும். நீர் தேங்கி நின்றால் பொடி கரையும். முற்றிலும் உலர்ந்தால் காற்றடித்தவுடன் பறக்கும். பாதி ஈரம் என்னும் இந்த இடைவேளை கோடையில் சில நிமிடங்களே. ஆகவே என்ன கோலம் என்று யோசிப்பதைத் தெளிப்பதற்கு முன்பே முடித்துக்கொள்க.

பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் இடையே, நடுவிரலின் தாங்குதலோடு எடுக்கவேண்டும். பிடி இறுகினால் இழை அறுந்து அறுந்து விழும்; தளர்ந்தால் கொட்டும். விரல் நுனிக்கும் தரைக்கும் இரண்டு விரற்கடை உயரம் போதும். உயரம் கூடினால் இழை அகன்று மங்கும். கையை விரைவாக நகர்த்தினால் இழை மெலியும்; மெதுவாக நகர்த்தினால் தடிக்கும். இதை அறிந்தவர் ஒரே இழையில் மெலிவையும் தடிப்பையும் மாற்றிமாற்றிக் காட்டி இலைக்கு உயிரூட்டிவிடுவார். இன்னொன்று: நீண்ட வளைவை மணிக்கட்டால் இழுக்கக் கூடாது. தோளிலிருந்து கை முழுவதும் நகரவேண்டும். புதிதாகப் பழகுவோரின் வளைவுகள் நெளிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டே.

முதல் வாரம் நேர்க்கோடும் அரைவட்டமும் மட்டும் இடுக. மாடியிலோ பின்கட்டிலோ யாரும் பாராத இடத்தில் இட்டால் கூச்சம் இராது. ஒரு முழ நீளத்துக்கு இரண்டு இணைகோடுகள்; இடைவெளி தொடக்கத்தில் எவ்வளவோ முடிவிலும் அவ்வளவே இருக்கவேண்டும். பிறகு அதன்மேல் அரைவட்டங்களைத் தோரணம்போல் வரிசையாக இடுக. எட்டு அரைவட்டங்கள் ஒரே அளவில் விழுந்துவிட்டால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம். வட்டத்துக்கு ஓர் உபாயம் உண்டு. முழங்கையைத் தரையில் ஊன்றி அதனை அச்சாக வைத்து முன்கையைச் சுழற்றினால் கால்வட்டம் துல்லியமாக விழும். நான்குமுறை திரும்பி அமர்ந்தால் முழு வட்டம். பெரிய வட்டத்துக்குக் கயிற்றைப் பயன்படுத்துவதும் வெட்கப்படத்தக்கதன்று. தேர்ச்சி பெற்றவர்களும் மண்டபத்தின் நடுவே பெருங்கோலம் இடும்போது கயிறு பிடிப்பதைக் காணலாம்.

இரண்டாவது, தாமரை. கைக்கோலத்தில் தாமரை வந்துவிட்டால் பாதிக் கோலம் வந்துவிட்டது. ஒரு கூட்டல் குறி இடுக. அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. எட்டுத் திசைக்கும் எட்டுக் கோடுகள் ஆயின. நடுவில் சிறு வட்டம். ஒவ்வொரு கோட்டின் முனையும் ஓர் இதழின் நுனி. இதழின் இரு பக்கங்களும் சிறு வட்டத்தின்மேல், இரண்டு கோடுகளுக்குச் சரி நடுவே பிறக்கவேண்டும். நடுவில் சற்றுப் புடைத்து, நுனியில் கூடவேண்டும். முதலில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு இதழ்களை முடித்துவிட்டு, பின்பே மூலைகளை இடுக. ஒரு பக்கமாகத் தொடர்ந்து இட்டுக்கொண்டே போனால் எட்டாவது இதழுக்கு இடம் போதாமலோ மிகுந்தோ போகும். இதுவே பலருக்கும் நேரும் இடர்ப்பாடு. கோடுகள் இதழுக்குள்ளே நரம்பாக நின்றுவிடுவதால் அழிக்கவேண்டியதில்லை. இந்த முறையை அறிந்தவர்க்குப் பதினாறிதழும் எளிது. ஒவ்வோர் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு கோடு கூட்டினால் போதும்.

பாஞ்சராத்திர ஆகமப்படி நடக்கும் கோயில்களில் பவித்ரோத்ஸவம் முதலியவற்றின்போது வண்ணப்பொடிகளால் எழுதப்படும் சக்ராப்ஜ மண்டலத்தைச் சேவித்தவர்கள், அதன் நடுவிலும் தாமரையே இருப்பதை அறிவார்கள். அது அர்ச்சகர்கள் மந்திரபூர்வமாக எழுதுவது. அளவும் வண்ணமும் விதிக்கு உட்பட்டவை. இல்லத்தில் அதனைப் பார்த்து எழுத முயல்வது தகாது. ஆனால் நடுவில் தொடங்கி வெளியே விரிவது என்னும் ஒழுங்கை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கொடி. இதற்கு நடு இல்லை. தொடக்கமும் ஓட்டமும் உண்டு. அலைபோல் ஒரு தண்டை வாசலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டுக. அலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்டிலிருந்து ஒரு கிளை பிரிந்து உட்புறமாகச் சுருளவேண்டும். சுருளின் முடிவில் மொட்டோ மலரோ மாங்காயோ வைக்கலாம். மேட்டில் இலை, பள்ளத்தில் சுருள் என்னும் முறை பிறழாமல் வந்தால் கொடி தானே அழகாகிவிடும். வாசலின் நடுவில் கொடிகள் இரண்டு எதிரெதிராக வந்து சந்திக்கவேண்டுமானால், இரண்டையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக இழுப்பது உத்தமம். முனைகளிலிருந்து தொடங்கி நடுவில் சேர்க்க எண்ணுவோர், ஒரு பக்கம் ஏழு சுருளும் மறுபக்கம் ஆறு சுருளுமாக வந்து திகைப்பர். திகைத்தாலும் கலங்கவேண்டாம். நடுவில் ஒரு பூச்சாடியோ விளக்கோ வைத்து மறைத்துவிடுவது தொன்றுதொட்ட தந்திரம்.

நான்காவது, படிக்கோலம் என்றும் இழைக்கோலம் என்றும் வழங்குவது. சுப காரியங்களுக்கும் திருவிழாவுக்கும் உரியது இதுவே. சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்து, ஒவ்வொரு கோட்டையும் இரட்டை இழையாகவோ நான்கு இழையாகவோ இடவேண்டும். ஒற்றை இழையை மங்கலக் கோலத்துக்கு ஏற்பதில்லை என்பது பல இல்லங்களின் வழக்கு. தேர்ந்த கைகள் ஒரே இழுப்பில் இரண்டு இழைகளை விரலிடுக்குகளில் வழியவிடும். அதைப் பார்த்துக் கற்கவேண்டுமேயன்றி எழுதிக் காட்டுதல் அரிது. சுற்றிலும் செங்காவியை நீரில் குழைத்துத் துணியால் பூசுவர். பொடிக்கோலமாயின் காவியை முதலில் பூசிவிட்டுப் பின்பு கோலமிடுவதே நலம். மாறிச் செய்தால் காவிநீர் வெள்ளை இழையைக் கரைத்துவிடும். மாக்கோலமாயின் மாவு உலர்ந்த பிறகு காவியிடலாம்.

மாக்கோலத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பூஜை அறைக்கும் கோயிலாழ்வார் முன்பும் இதுவே ஏற்றது. பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து, நீர்மோர்ப் பதமாகக் கரைத்துக்கொள்க. சிறு வெள்ளைத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து மெல்ல அழுத்தினால், மாநீர் மோதிரவிரல் வழியே இறங்கும். அவ்விரல் நுனியால் தரையைத் தொட்டும் தொடாமலும் இழுக்கவேண்டும். இடும்போது கோலம் கண்ணுக்குத் தெரியாது; உலர உலரத்தான் வெண்மை எழும். புதியவர்கள் தெரியவில்லையே என்று மேலும் மேலும் நீரை வழியவிட்டுத் தடித்த கோடாக்கிவிடுவார்கள். கையை நம்பி ஒருமுறை இழுத்துவிட்டு விலகி நிற்கவேண்டும். வழவழப்பான பளிங்குத் தரையில் எண்ணெய்ப் பசை இருந்தால் மாநீர் முத்துமுத்தாகத் திரண்டுவிடும். ஈரத்துணியால் இருமுறை துடைத்த பின்பு இடுக. ஸ்ரீ ஜயந்தியன்று கண்ணன் திருவடிகளை இடுவதும் இந்த மாநீரால்தான். கையை முட்டியாக மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாநீரில் நனைத்துத் தரையில் ஒற்றினால் பாதம். விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று என மாறிமாறி ஒற்றவேண்டும். பாதங்கள் வாசலிலிருந்து உள்ளே வருவனவாக இருத்தல் வேண்டும். அவசரத்தில் திசை மாற்றி ஒற்றிவிட்டுக் குழந்தைகளிடம் கேலிக்கு ஆளாகாதீர்கள்.

எந்த நாளில் எது என்பதையும் சுருங்கக் கூறுவோம். மார்கழியில் நாள்தோறும் விடியற்காலையில் கோலம். நடுவில் சாண உருண்டையில் பரங்கிப்பூ. ரதசப்தமியன்று தேர்க்கோலம், தேருக்குச் சக்கரங்களை முதலில் இட்டுவிட்டு மேலே எழுப்புவது எளிது. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளுக்கு உகந்த கிளியும் மாலையும். திவசம் உள்ள நாளில் அது முடியும்வரை வாசலில் கோலமிடுவதில்லை.

கைவாக்கில் இடும்போது எதையும் வரையலாம் என்னும் உரிமை வந்துவிடுகிறது. ஆதலால் ஓர் எல்லையையும் சொல்லவேண்டியிருக்கிறது. சங்கு, சக்கரம், திருமண்காப்பு, எம்பெருமான் திருவுருவம், திருநாமம் ஆகியவற்றை மிதிபடும் இடத்தில் இடலாகாது என்பது பெரியோர் கொள்கை. திருவிழாவின்போது ஆர்வத்தால் சிலர் தெருவின் நடுவிலேயே திருமண்ணையும் திருநாமத்தையும் எழுதிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் ஆயிரம் பாதங்கள் அதன்மேல் செல்லுகின்றன. பார்ப்பதற்கே மனம் பதைக்கிறது. தெருவுக்குத் தாமரை, கொடி, அன்னம், மயில், மாவிலைத் தோரணம் ஆகியவை போதும். சங்கும் சக்கரமும் பூஜை அறையில், பெருமாள் முன்னிலையில், யாரும் மிதியாத பலகையின்மேல் இருக்கட்டும்.

கோலமிட யாருக்கு உரிமை என்னும் கேள்வியும் எழுவதுண்டு. கணவனை இழந்தவர்கள் கோலமிடலாகாது, மங்கல நாளில் மாவைத் தொடலாகாது என்று சில இல்லங்களில் இன்றும் விலக்குகிறார்கள். நாற்பது ஆண்டு அந்த வாசலைக் காத்த கையை ஒரே நாளில் தகுதியற்றது என்று ஒதுக்கும் இவ்வழக்கத்துக்கு எம்மால் உடன்பட இயலவில்லை. எம்பெருமானை எதிர்கொள்ளத் தரையைத் தூய்மை செய்யும் கைங்கர்யத்தில் யாருக்கு யார் விலக்கு விதிப்பது? அத்துடன் இது வெறும் நியாயத்தைப் பற்றிய செய்தியும் அன்று. வீட்டின் கொடியையும் தாமரையையும் அறிந்தவர் அந்த மூதாட்டி ஒருவரே என்றால், அவர் கையில் மாவைக் கொடுக்காத வீடு தன் கோலத்தைத் தானே இழக்கிறது. இம்மலரைப் படிக்கும் சேவார்த்திகள் ஊர் திரும்பியதும், பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ அவ்வாறு ஒதுங்கியிருந்தால், மாவுக் கிண்ணத்தை அவர்கள் முன் வைத்து, "எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். குனிய இயலாதவர்களாயின் முக்காலியில் அமர்ந்து வாயால் சொல்லட்டும், பேத்தி இடட்டும். பேரனும் இடலாம். மண்டலம் எழுதும் அர்ச்சகர்கள் ஆண்கள்தானே!

திருவீதியில் புறப்பாட்டை முன்னிட்டு இடுவோருக்குச் சில சொற்கள். வாகனம் தூக்குவோர் வெறுங்காலுடன் வருகிறார்கள். ஆகவே கோலத்தின்மேல் விளக்கு, கண்ணாடிக் கிண்ணம், கூர்மையான சம்கி ஆகியவற்றைத் தெருவின் நடுவில் வைக்காதீர்கள். பொடியைக் கனமாகக் கொட்டி மேடாக்கினால் நீர் பட்டவுடன் வழுக்கும். மெல்லிய இழையே பாதுகாப்பானது. தெருவின் அகலம் முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்ளாமல், எதிர்வீட்டாரோடு பேசி ஒரு கொடியை இருவருமாக இருபுறமிருந்து வளர்க்கலாம். நேரம் குறைவாயின் எட்டிதழ்த் தாமரை ஒன்று, அதைச் சுற்றி ஒரு வட்டம், நான்கு மூலைக்கும் நான்கு சுருள். பழகிய கைக்கு இருபது நிமிடம்.

பெருமாள் கடந்து சென்றபின் கோலம் கலைந்துதான் இருக்கும். அதனை அன்றே கழுவவேண்டாம். அரிசிமாவாயின் எறும்புகள் எடுத்துச் செல்ல ஓர் இரவு வேண்டும். மறுநாள் விடியலில் எஞ்சிய கல்பொடியைச் சாக்கடையில் தள்ளாமல் முறத்தில் கூட்டி எடுத்து, செடியில்லாத ஓரத்தில் கொட்டிவிட்டுப் புதிதாக நீர் தெளிக்கலாம்.